குறுக்கே வந்தவன்

பீம்ராவை யாரும் வெறுக்கவில்லை. லோகநாதனுக்கு வந்த சிக்கலே அதுதான்.

சாதாரணமாக இது ஒரு சிக்கலே அல்ல. வளர்ந்த பிள்ளையை ஊரில் ஒருத்தரும் வெறுக்கவில்லை என்றால் பெற்றவர்கள் பெருமைப்படலாம். லோகநாதனும் அப்படித்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அவருக்கு மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. மனைவி யசோதரா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். ஒரே பையன் பீம்ராவ் ஏசி மெக்கானிக். சாயங்காலமானால் மைதானத்தில் கோல்கீப்பர். அவன் உயிரோடு இருந்தவரை, அவனை எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அவன் செத்த பிறகு, யாராவது ஒருத்தராவது அவனை வெறுத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு தகப்பன் தலையில் வந்து விழுந்தது. அரசாங்கம் அப்படித்தான் கேட்டது.

நடந்தது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை பீம்ராவும் அவனுடைய தோஸ்து ஃபவாஸும் திருவொற்றியூரில் ஒரு வீட்டு ஏசியைக் கழற்றி மாட்டிவிட்டு, எர்ணாவூர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார்கள். ஐ.டி.ஐ.யில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய் ஒரே பைக்கில் வருகிறவர்கள். தொழுகை முடிந்து நேரே வேலைக்கு வந்ததால் ஃபவாஸ் தலையில் தொப்பி இருந்தது. அலையைத் தடுக்கப் போட்டிருந்த பாறைகள் மேல் நான்கு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைப் பார்த்ததும் ஒருவன் ஆரம்பித்தான். அவன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை; எழுதாவிட்டாலும் எல்லாரும் எங்கேயாவது கேட்டவைதான். இன்னொருவன் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். அபின் என்பவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. முதல் அடியில் ஃபவாஸின் இடது கை எலும்பு முறிந்தது. இரண்டாவது அடியும் ஃபவாஸுக்காக ஓங்கியதுதான். நடுவில் பீம்ராவின் தலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வருடம்தான் வெறுப்பு நோக்கக் குற்றச் சட்டம் வந்திருந்தது. ஒருவனை அவன் சாதிக்காகவோ மதத்துக்காகவோ அடித்தால், சும்மா அடித்ததைவிட அதிகத் தண்டனை. டி.வி.யில் செய்தி வந்த அன்று லோகநாதன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "இது எங்கப்பன் காலத்துலயே வந்திருக்கணும்" என்று சொன்னவர். சட்டத்தை அமல்படுத்த ராயபுரத்தில், துறைமுகத்து மதிலை ஒட்டிக் கிடந்த ஒரு பழைய கிடங்குக்கு வெள்ளையடித்துத் தனி மன்றம் வைத்தார்கள். உள்ளே எத்தனை ஊதுவத்தி கொளுத்தினாலும் மழை நாளில் பழைய கருவாட்டு வாசனை வரும். மற்றபடி கம்பீரமான மன்றம்.

முதல் நாள் லோகநாதனும், ஃபவாஸும், ஃபவாஸின் தகப்பனார் கமாலும் ஒன்றாகப் போனார்கள். வாசலில் ப்யூன் கேட்டார்.

"நோக்கமா, சாதாவா?"

லோகநாதனுக்குப் புரியவில்லை. ஓட்டலில் தோசை கேட்கிற மாதிரி இருந்தது.

"இன்னா சார்?"

"வெறுப்பு நோக்கத்தோட நடந்ததா, சாதாவா நடந்ததா? நோக்கம்னா உள்ள. சாதான்னா வராண்டா."

ப்யூன் ஃபவாஸின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், "தம்பி நோக்கம். நீங்க சாதா" என்று லோகநாதனை வராண்டாவுக்குக் கை காட்டினார்.

உள்ளே மெத்தை வைத்த பெஞ்சு, ஃபேன், டீ. வராண்டாவில் சிமென்ட் திட்டு, வெயில். அங்கே ஏற்கெனவே சிலர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் லாரிச் சண்டையில் கணவனை இழந்த மெர்லின் என்ற பெண், லோகநாதனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்காரர சும்மா குத்திட்டாங்கண்ணே. ஒரு காரணமும் இல்லியாம். அதனால எங்களுக்கு டீ கெடயாது" என்றாள், ஏதோ தன் பக்கம்தான் தப்பு என்பது போல.

ஃபவாஸ் தனக்கு வந்த டீயை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தான். ப்யூன் குறுக்கே கையை நீட்டினார்.

"தம்பி, அது வெறுப்பு டீ. வெளிய போகக் கூடாது. ஆடிட்ல கேப்பாங்க."

ஃபவாஸ் டீயோடு வாசற்படியிலேயே நின்றான். ஆறும்வரை நின்றான். பிறகு கீழே ஊற்றிவிட்டான்.

லோகநாதனை நோக்கப் பதிவாளர் அழைத்தார். நல்ல மனிதர். சிரித்த முகம். எழுந்து நின்று கை கொடுத்தார்.

"உங்க துக்கத்துல இந்த மன்றம் பங்கெடுத்துக்குது, மிஸ்டர் லோகநாதன். உங்க கேஸ்ல ஒரு சின்னக் குறை இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"இன்னா கொற சார்? எம் புள்ள செத்துட்டான்."

"செத்ததுல குறையே இல்லை. டாக்டர் ரிப்போர்ட் அருமையா இருக்கு. ஏன் செத்தார்ங்கறதுலதான் குறை. பாருங்க, அபின் அந்த முஸ்லிம் பையன் கையை அடிச்சார். அது வெறுப்புல வருது. பத்து வருஷம். உங்க பையனை அவர் அடிக்கணும்னே நினைக்கலை. உங்க பையன்தான் குறுக்கே வந்துட்டார். நோக்கம் இல்லை. அதனால கொலையாகாத மரணம். ஏழு வருஷம்."

லோகநாதன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"கைக்கு பத்து. உசுருக்கு ஏழா சார்?"

"கைக்கு ஏழுதான். வெறுப்பு சேர்ந்ததால பத்து."

"அப்போ உசுருக்கு வெறுப்பு சேந்தா?"

"ஆயுள்!" என்றார் பதிவாளர் உற்சாகமாக. "அதைத்தான் நானும் விரும்பறேன். எங்களுக்கும் இந்த வருஷம் ஆயுள் ஒண்ணுகூட வரலை. உங்க பையனை யாராவது வெறுத்தாங்கன்னு காட்டுங்க. எந்த வெறுப்பா இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பின்புலம் கிடைச்சாப் போதும், நாங்க அபின் வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்துடுவோம்."

இப்படித்தான் லோகநாதன் தன் செத்துப்போன பிள்ளையை வெறுத்த ஆளைத் தேடி வியாசர்பாடியில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்.

முதலில் மைதானத்துக்குப் போனார். கால்பந்து கோச் ஆண்ட்ரூ கோல்போஸ்ட் பக்கத்தில் நின்றிருந்தார். வலைக்கு முன்னால் யாரையும் நிற்கவிடாமல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது; பந்து வலைக்குள் போய்ப் போய் விழுந்தது.

"ஆண்ட்ரூ, எதிர் டீம்ல எவனாவது எம் புள்ள மேல காண்டா இருந்தானா?"

"அவன் மேலயா? இன்னா நைனா நீ. பெனால்டிய புட்சிட்டு, அடிச்சவன் கிட்டயே போயி 'இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல அடிச்சிருந்தா கோல்டா'ன்னு சொல்லிக் குடுத்துட்டு வருவான். அவன எவன் வெறுப்பான்?"

டீக்கடையில் கேட்டார். பைக் மெக்கானிக்கிடம் கேட்டார். பீம்ராவ் ஏசி மாட்டிக் கொடுத்த வீடுகளில் போய்க் கேட்டார். எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தையாகவே சொன்னார்கள். ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் அவர் அவசரமாகக் கையை உருவிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கேஸ் கெட்டுக்கொண்டே போகிறதே!

கடைசியாக இருந்த நம்பிக்கை தரைத்தளத்துப் பச்சையம்மா. அந்த பிளாக்கில் அவள் சண்டை போடாத குடும்பம் கிடையாது. பீம்ராவ் பைக்கை அவள் துணி காயப்போடும் இடத்தில் நிறுத்துவதற்காகத் தினமும் அவனைத் திட்டுவாள். சீட்டில் ஒரு தடவை மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியவள். லோகநாதன் அவள் வாசலில் போய் நின்றார்.

"பச்சையம்மா, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனச்சிக்காத. எம் புள்ளய நீ வெறுத்த தான?"

"இன்னா கேட்ட?" பச்சையம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். "எந்தக் கஸ்மாலம் சொல்லிச்சு உன்கிட்ட?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நான் வெறுத்தேன்னு சொன்னா அந்தப் பாடுப் பய சாவற வரைக்கும் உள்ள கீப்பானா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்போ சொல்றேன்யா. எங்க வேணா வந்து சொல்றேன். இந்தா, இப்பவே சொல்லிப் பாக்குறேன். எனக்கு அந்தப் பையனக் கண்டாலே..." நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். "அந்தப் பையனக் கண்டாலே எனக்கு..." பிறகு முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். "என் வாயில எல்லா கலீஜும் வரும்யா. இது வரல. நான் திட்டுவேன்னு தெரிஞ்சும், என் கரண்டு காத்தாடிய ரிப்பேர் பண்ணிக் குட்த்துட்டுப் போனான்யா அவன்."

லோகநாதன்தான் அவளைத் தேற்றிவிட்டு மேலே ஏற வேண்டியிருந்தது.

அடுத்த தடவை மன்றத்துக்குப் போனபோது அவரை உறுப்பினர்கள் அறைக்கே கூட்டிப் போனார்கள். மன்றத்துக்குத் தலைவர் ஒருவர். அவருக்கு இரண்டு பக்கமும் மனவியல் உறுப்பினர், சமூக உறுப்பினர். மனவியல் உறுப்பினர் ஒரு புதிய யோசனையைக் கண்டுபிடித்திருந்தார்.

"அடித்தவர்கள் இறந்தவரையும் முஸ்லிம் என்று நினைத்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் அது தவறுதலான வெறுப்பு. வெளிநாடுகளில் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி இருக்கிறது."

"தவறுதலான வெறுப்பு செல்லாது" என்றார் சமூக உறுப்பினர். "செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், அது அந்த முஸ்லிம் பையனுடைய சமூகத்துக்குச் சேர வேண்டிய வெறுப்பு. அதை இவர் மகன் எப்படிக் கோர முடியும்? இவர்களுக்கென்று தனி வெறுப்பு இருக்கிறதே. அதைக் கேட்கட்டும். ஒருவருக்குரிய வெறுப்பை இன்னொருவர் அனுபவிப்பதை நான் அனுமதிக்க மாட்டேன். என் பொதுவாழ்வு முழுவதும் இதற்காகத்தான் போராடியிருக்கிறேன்."

லோகநாதன் கை கட்டி நின்றிருந்தார்.

"எங்களுக்குன்னு கீற வெறுப்பு எனக்குத் தெரியும் சார்" என்றார். "பெரம்பூர் பக்கம் வாடக வூடு பாக்கப் போனேன். ஹவுஸ் ஓனரு சிரிச்சு சிரிச்சுப் பேசினாரு. பையன் பேரு இன்னான்னு கேட்டாரு. சொன்னேன். வேற யாருக்கோ அட்வான்ஸ் வாங்கிட்டதா அப்பதான் அவருக்கு நாபகம் வந்துச்சு. அந்த வெறுப்பு எதிர்ல வந்தா எனக்கு வாசனையே தெரியும் சார். ஆனா அந்த நாலு பேருக்கு எம் புள்ள பேரே தெரியாது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது நோக்கப் பதிவாளர் பின்னாலேயே வந்து அவர் தோளைத் தொட்டார்.

"அருமையான பாயின்ட் சொன்னீங்க. பேர் தெரிஞ்சிருந்தா? பீம்ராவ்ங்கற பேருக்கு சாதிச் சான்றிதழே வேண்டாமே! அந்த நேரத்துல ஃபவாஸ் ஏதாவது கத்தியிருப்பான் இல்லையா? பேரைச் சொல்லிக் கத்தியிருந்தா அபினுக்குப் பேர் தெரிஞ்சுபோச்சு. பேர் தெரிஞ்சா சாதி தெரிஞ்சுபோச்சு. அடி அதுக்கப்புறம்தானே விழுந்துது? ஆயுள்! கேட்டுப் பாருங்க. நான் எதுவும் சொல்லலை."

அன்றைக்கே லோகநாதன் வண்ணாரப்பேட்டைக்குப் போனார். கமாலுக்கு அங்கே ஜிப்பும் பட்டனும் விற்கிற சின்னக் கடை. தகப்பனார் காலத்திலிருந்து 'கமால் ஜிப் ஸ்டோர்' என்று தொங்கிய போர்டைக் காணவில்லை. வெறும் 'ஜிப் ஸ்டோர்' என்று புதுப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"இன்னா பாய், பேரக் காணோம்?"

"எடுத்துட்டேன் அண்ணே." கமால் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "தெருவுல எல்லாப் பசங்களும் வெளிய போறப்ப தொப்பியக் கழட்டிப் பையில வச்சுக்கிறானுங்க. பொண்ணுங்கள பீச் பக்கமே உடறது இல்ல. எம் புள்ள கைய ஒர்த்தன் சாதாரணச் சண்டையில ஒடச்சிருந்தா எங்க வூட்டுக்கு மட்டும்தான் நோவு. இது தெருவுக்கே ஒடஞ்சுபோச்சு. அதனால அவனுக்குக் கூட தண்டன குடுக்குறது நாயம்தான்னு எனக்குத் தோணுது." சொல்லிவிட்டுத்தான் எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைவு வந்ததுபோல் தலையைக் குனிந்தார். "ஆனா உங்க புள்ளைக்கு இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணே."

"நாயம்தான் பாய். நான் அத்த தப்புன்னு சொல்லல."

ஃபவாஸ் கடைக்குள் பட்டன் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே பீம்ராவைப் பார்த்து அவனும் லோகநாதனை நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"பதிவாளர் எனக்கும் ஃபோன் பண்ணாரு நைனா. நான் பேர சொல்லித்தான் கத்துனேன்னு சொல்லிடறேன்."

"நெஜமா இன்னா கத்துன?"

"மச்சான்னு கத்துனேன்." அவன் வேறு பக்கம் பார்த்தான். "எப்பவும் அப்படித்தான கூப்புடுவேன்."

லோகநாதன் வீட்டுக்கு வந்து யசோதராவிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சொல்லட்டும்" என்றாள்.

"பொய்யி, யசோதா."

"இன்னா பொய்யி? ஒரு பேருதான? நான் வச்ச பேரு. எம் புள்ள பேர நாலு பேர் எதிர்ல சொல்றது பொய்யா?"

"அவன ஒர்த்தன் வெறுத்து அடிச்சான்னு எழுதிடுவாங்க. எல்லார் கிட்டயும் நல்லவன்னு பேர் வாங்கின புள்ள."

"எழுதட்டும். நம்மள வெறுக்குறது புதுசா? பொறந்ததுலேர்ந்து எவ்ளோ வெறுப்பு சொம்மா வந்துச்சு, ஒண்ணுக்காவது பிரயோஜனம் இருந்துச்சா? இந்த ஒரு வாட்டி உபயோகப்படட்டுமே!" அரிசிப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.  "பத்து வருசத்துல அவன் வெளிய வந்துடுவான்யா. வந்து கல்யாணம் பண்ணிப்பான். புள்ள பெத்துப்பான்."

லோகநாதன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறக்காதது சம்மதம் என்று அவருக்குத் தெரியும்.

விசாரணை நாள் வந்தது. அன்றைக்கு யசோதரா வரவில்லை. அபினின் முகத்தைப் பார்த்தால் தனக்கு என்ன ஆகும் என்று தெரியாது என்றாள். சாட்சியோடு வந்தவர் என்பதால் லோகநாதனுக்கு உள்ளே உட்கார இடம் கிடைத்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மற்ற நீதிமன்றங்கள் அடியைப் பார்க்கும். நாங்கள் அடிக்குப் பின்னால் இருக்கும் மனதைப் பார்க்கிறோம். எத்தனை பேர் செத்தார்கள் என்பது எண்ணிக்கை. எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். என்ன நினைத்துக் கொன்றார்கள் என்பதை அறியத்தான் ஞானம் தேவை. அந்த ஞானத்தை அரசு எங்களுக்கு அரசாணை மூலம் வழங்கியிருக்கிறது."

அபின் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"கனம் தலைவர் அவர்களே! என் கட்சிக்காரர் மேல் வெறுப்புப் பழி சுமத்தப்பட்டிருக்கிறது. இதைவிட அவமானம் ஒரு மனிதனுக்கு இல்லை. அவர் மேல் ஏற்கெனவே உள்ள வழக்குகளைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன். காசிமேட்டில் ஓர் இந்துவின் மூக்கை உடைத்திருக்கிறார். தண்டையார்பேட்டையில் ஒரு கிறிஸ்தவரின் காதைக் கடித்திருக்கிறார். சொந்த சாதிக்காரரை, ஏன், சொந்த மாமாவையே பாட்டிலால் குத்தியிருக்கிறார். சாதி, மதம், மொழி என்று எந்தப் பாகுபாடும் பார்க்காமல் எல்லாரையும் சமமாக அடித்துவந்த ஒரு மனிதரை வெறுப்பாளர் என்று சொல்வது இந்த நாட்டின் மதச்சார்பின்மைக்கே இழுக்கு."

சமூக உறுப்பினர் கண் கலங்கிக் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

அபினைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒல்லியான பையன். புதுச் சட்டை, சலூனில் முடி வெட்டின தலை.

"ஃபவாஸ் என்பவரை உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது சார்."

"பிறகு ஏன் அடித்தாய்?"

"தொப்பி போட்டுகினு..." வக்கீல் இருமினார். "குடி சார். குடிச்சிருந்தேன்."

"இறந்துபோன பீம்ராவ் மேல் உனக்கு என்ன எண்ணம்?"

அபின் யோசித்தான். அவன் நிஜமாகவே யோசிப்பதை லோகநாதன் பார்த்தார். தன் பிள்ளையைப் பற்றி அவன் மனதில் ஏதாவது ஒன்று, கெட்டதாகவாவது ஒன்று, இருந்துவிடாதா என்று அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் அபின்.

அடுத்தது ஃபவாஸ். சொல்லிக் கொடுத்தபடி சொன்னான்: கம்பியை ஓங்கும்போது பீம்ராவ் என்று பேரைச் சொல்லிக் கத்தினேன். நோக்கப் பதிவாளர் மூலையில் நின்று தலையாட்டினார். வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"நீங்க கத்தும்போது பீம்ராவ் எங்கே இருந்தார்?"

"ரோட்டு மேல. பைக் கிட்ட."

"பாறை மேல உங்களோட இல்லையா?"

"இல்ல சார். வண்டி எடுக்க முன்னாடியே ஓடிட்டான். நானும் பின்னாலயே ஓடினேன், பாறையில சறுக்கி உழுந்துட்டேன்."

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்போ அவர் தப்பிச்சுட்டார். இவங்க நாலு பேருக்கும் அவரோட எந்தச் சண்டையும் இல்லை. நீங்க கூப்பிடாம இருந்திருந்தா அவர் வந்திருக்கவே மாட்டார். சரிதானே?"

  ஃபவாஸ் ஒடிந்து கூடாமல் போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

"பேர சொல்லல சார்" என்றான். "மச்சான்னுதான் சொன்னேன். கை ஒடஞ்சதும் வலி தாங்கல. 'மச்சான், என்ன உட்டுட்டுப் பூடாத'ன்னு கத்துனேன். வண்டிய ஆஃப் கூட பண்ணல சார் அவன். அப்டியே போட்டுட்டு ஓடியாந்தான். போலீஸ் வந்தப்பவும் வண்டி ஓடிகினேதான் இருந்துச்சு. நான் கூப்டாம இருந்திருந்தா அவன் வூட்டுக்குப் போயிருப்பான். இத்த நான் யார் கிட்டயும் சொல்லல சார். நைனா கிட்ட கூட சொல்லல."

அவன் லோகநாதன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. லோகநாதனுக்கும் அவனைப் பார்க்க முடியவில்லை. அவர் கண்முன்னால் ரோட்டோரம் ஒரு வண்டி ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது.

மூன்று உறுப்பினர்களும் உள்ளே போய் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தீர்ப்போடு வந்தார்கள்.

"இந்த மன்றம் மிகுந்த கவனத்துடன் எல்லாருடைய மனங்களையும் ஆராய்ந்தது" என்று தலைவர் படித்தார். "இறந்தவர்பால் எதிரிக்கு எந்த நோக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. மரணத்தைப் பொறுத்தவரை, ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமான ஒரே நோக்கம் இறந்தவருடையதுதான். அவருடைய நோக்கம் நட்பு. துரதிர்ஷ்டவசமாக, சட்டத்தில் அதற்குப் பிரிவு எதுவும் இல்லை. ஆகவே கைக்குப் பத்து வருடம், உயிருக்கு ஏழு வருடம். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும்."

மனவியல் உறுப்பினர் இந்த வழக்கைப் பயிற்சிப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். தலைவர் பெருந்தன்மையாக லோகநாதனைப் பார்த்து, "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்" என்றார்.

லோகநாதன் எழுந்து நின்றார்.

"கைக்கு பத்து வருசம் குட்த்தது தப்புன்னு சொல்ல மாட்டேன் அய்யா. அது இன்னும் எத்தினி பேர் மேல உழுந்த அடின்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. அந்தக் கம்பிய மேல தூக்கறப்போ அதுல வெறுப்பு இருந்துச்சு. அது ஃபவாஸுக்குத் தூக்கினதுன்னு நீங்களே சொல்றீங்க. தூக்குன கம்பி எம் புள்ள தலைக்கு வந்து சேர்றதுக்குள்ள, அந்த வெறுப்பு நடுவுல எங்க அய்யா எறங்கிப் போச்சு?"

"நல்ல கேள்வி" என்றார் தலைவர். "மேல்முறையீட்டில் கேளுங்கள்." மன்றம் கலைந்தது.

லோகநாதன் வெளியே வந்தபோது ஃபவாஸ் மதிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். கமால் பக்கத்தில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அவன் எழுந்திருக்கவில்லை. லோகநாதன் கொஞ்சம் நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் யசோதராவிடம் முதலில் வருடங்களைச் சொன்னார். பிறகு வண்டியைச் சொன்னார். அவள் ஏழு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வண்டி ஓடிகினு இருந்துச்சா?"

"ம்."

"ஏறி வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம். அவன் கூப்ட்டான், இவன் திரும்பிப் பூட்டான்."

"எங்க அவன் இப்போ?"

"அங்கயேதான் உக்காந்துகினு இருந்தான். நான் பேசாம வந்துட்டேன்."

யசோதரா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். லோகநாதன் பின்னாலேயே ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். ராயபுரம் போய்ச் சேரும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பொழுது சாய்ந்திருந்தது. மன்றத்து கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஃபவாஸ் அதே இடத்தில் இருந்தான். கமால் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். வருவது யசோதரா என்று தெரிந்ததும் ஃபவாஸ் நல்ல கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான். அவள் கையும் ஓங்கித்தான் இருந்தது. அது எதற்காக ஓங்கிய கை என்று லோகநாதனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது அவன் முதுகில் விழுந்தது. மறுபடி விழுந்தது. "ஏன்டா கூப்ட்ட? ஏன்டா அவன கூப்ட்ட?" என்று அடித்துக்கொண்டே, இன்னொரு கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவன் சரிந்து விழாமல் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அவன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டான்.

கேட்டுக்கு உள்ளேயிருந்து வாட்ச்மேன் டார்ச்சை அடித்தார்.

"யோவ், இன்னாயா அங்க சண்ட?"

"சண்ட இல்ல சார்" என்றார் லோகநாதன்.

"அப்புறம் எதுக்குயா அந்தம்மா புள்ளயப் போட்டு அடிக்குது?"

லோகநாதன் டார்ச் வெளிச்சம் அவர்கள் மேல் விழாதபடி குறுக்கே போய் நின்றுகொண்டார்.